சயனைடு மேட்டில் ஜீப் சத்தம்

கோலார் தங்கவயல்:

மாரிக்குப்பம் ரெயில் நிலையத்தில் வாரத்தில் ஆறு நாளும் விடியற்காலைக் கூட்டம் ஒரே திசையில்தான் போகும். டிபன் பாக்சும் தோள்பையுமாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் அது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, இந்த ஊரில் பல வீடுகளில் அடுப்பு எரிவது இந்த ரெயிலை நம்பித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போக்குவரத்து தலைகீழாகிறது. பெங்களூரிலிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். ரெயிலில் அல்ல. தலைக்கவசமும் முழங்கால் கவசமும் அணிந்த வாலிபர்கள் மோட்டார் சைக்கிள்களில் வருகிறார்கள். கொழுத்த டயர் போட்ட ஜீப்புகள் நாலைந்து ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கூரைமேல் மண்வெட்டி, தண்ணீர் கேன், சுருட்டிக் கட்டிய கூடாரம். ராபர்ட்சன்பேட்டையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நேரே சயனைடு மேட்டுக்குப் போகிறார்கள். சற்று நேரத்தில் மேட்டுச் சரிவில் என்ஜின்கள் உறுமுவது லைன் வீடுகள் வரை கேட்கிறது. கூடவே சாம்பல் நிறப் புழுதியும் எழும்புகிறது.

வருகிறவர்கள் மேல் யாருக்கும் பகையில்லை. ஊருக்கு நாலு பேர் வருவது நல்லதுதான். ஆனால் அவர்கள் வண்டி ஓட்டி விளையாடும் அந்த மேடு என்ன, அதிலிருந்து எழும்பும் புழுதி என்ன என்பது வருகிறவர்களுக்கும் தெரிவதில்லை. அவர்களைப் பார்த்துத் தகப்பனார் பைக்கை எடுத்துக்கொண்டு மேடேறும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை.

சாலையில்லாத சவாரி

இந்த விளையாட்டுக்கு ‘ஆப்-ரோடு’ என்று பெயர். சாலையை விட்டு இறங்கி, சேறு, மணல், பாறை, ஓடை என்று வண்டி போக முடியாத இடத்தில் வண்டியைக் கொண்டுபோவதே இதில் உள்ள சுவாரஸ்யம். வேகம் முக்கியமல்ல. ஜீப்பில் இந்த விளையாட்டு ஆடுகிறவர்கள் பல நேரம் நடக்கிற மனிதனைவிட மெதுவாகத்தான் போகிறார்கள்.

ஜீப் நமக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941-ல் பெருமளவில் செய்யத் தொடங்கிய வண்டி அது. போர் முடிந்தபின் 1940-களின் இறுதியில் மகிந்திரா கம்பெனி அதை இந்தியாவில் பூட்டி விற்க ஆரம்பித்தது. அப்போது அது போலீசுக்கும் வனத்துறைக்கும் எஸ்டேட் துரைகளுக்கும் உரிய வண்டி. பிறகு 1985-ல் மாருதி ஜிப்சி வந்தது. 2010-ல் மகிந்திரா ‘தார்’ வந்தது. 2020-ல் அதன் புது மாதிரி வந்தபின், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்யும் வாலிபர்கள் கடன் போட்டு வாங்கும் வண்டியாக ஜீப் மாறிவிட்டது. வாங்கிய வண்டியை ஓசூர் சாலை நெரிசலில் ஓட்டி என்ன பயன்? ஞாயிறன்று மேடு பள்ளம் தேடிக் கிளம்புகிறார்கள்.

சாலையே இல்லாத இடத்தில் ஓடும் வண்டி என்றால் தங்கவயலுக்கு அது கைவந்த கலை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1964-ல் தொடங்கப்பட்ட ‘பெமல்’ நிறுவனத்தின் புல்டோசர்கள் இந்த ஊர்த் தொழிலாளர் கையால் உருவாகி நாட்டின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கெல்லாம் போயிருக்கின்றன. பெங்களூரிலிருந்து வரும் வாலிபர் தம் ஜீப்பின் கியர் பெட்டியைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது, பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் அதைவிட நூறு மடங்கு பெரிய கியர் பெட்டியைப் பிரித்துப் பூட்டியவராக இருக்கக் கூடும்.

கோலார் பக்கம் ஒரு பூங்கா

இந்த விளையாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சி.எஸ்.சந்தோஷ் என்ற பெங்களூர் மோட்டார் சைக்கிள் வீரர் கோலார் பக்கம் அமைத்த ‘பிக்ராக்’ என்ற மண்பாதைப் பூங்கா அது. உலகத்திலேயே கடினமான வண்டிப் பந்தயம் என்று பெயர் பெற்ற டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியர் இவர். 2015-ல் தென் அமெரிக்காவில் நடந்த பந்தயத்தில் 36-வது இடத்தில் வந்தார். 2018-ல் 34-வது இடம். 2021 ஜனவரியில் சவுதி அரேபியாவில் நடந்த பந்தயத்தில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டது. டாக்டர்கள் பல நாட்கள் அவரை மயக்க நிலையிலேயே வைத்துச் சிகிச்சை செய்தார்கள். உயிர் மீண்டு ஊர் திரும்பினார்.

அத்தனை கவசம் போட்ட, அத்தனை பழகிய வீரருக்கே அந்தக் கதி என்றால், ரப்பர் செருப்போடு மேடேறும் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பூங்காவில் மண்பாதையில் மோட்டார் சைக்கிள் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள். ராயல் என்பீல்டு கம்பெனி தன் ‘சறுக்கல் பள்ளி’யை இங்கே நடத்தியிருக்கிறது. மண்ணில் பின் சக்கரத்தைச் சறுக்கவிட்டு வளைவு திரும்பும் வித்தையைக் கற்றுத் தரும் பயிற்சி அது. முகாமுக்கு வருகிறவர்கள் பகலில் ஓட்டிப் பழகி, இரவில் கூடாரத்தில் படுத்து, மறுநாள் மீண்டும் பழகுகிறார்கள்.

முதல் பாடம் உட்காரக் கூடாது என்பது. கால் வைக்கும் கட்டையின்மேல் எழுந்து நின்று ஓட்ட வேண்டும். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது முழங்கால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், முதுகெலும்புக்கு வராது. இரண்டாவது பாடம் பார்வை. முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவன் அந்தச் சக்கரம் போகும் பள்ளத்தில்தான் விழுவான். இருபது அடி தள்ளிப் பார்க்க வேண்டும். முன் பிரேக்கை ஒரு விரலால்தான் தொட வேண்டும். இதெல்லாம் சொல்லிக் கேட்டால் சுலபமாகத் தோன்றும். மணலில் வண்டி ஆடும்போது நம் உடம்பு இதற்கு நேர் மாறாகத்தான் செய்யும். அதனால்தான் பழக ஓர் இடமும், பக்கத்தில் சொல்லித் தர ஓர் ஆளும் வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட பூங்காக்களில் வழக்கமாக ஒரு வாசல் இருக்கும். கவசம் இல்லாதவனை உள்ளே விடமாட்டார்கள். பாதை ஒருவழிப் பாதை. எதிரே வண்டி வராது. விழுந்தால் தூக்க ஆள் உண்டு. புழுதி எழாமலிருக்கப் பாதைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். நம் மேட்டில் இவற்றில் ஒன்றுமே கிடையாது.

செலவு என்ற பேச்சும் இருக்கிறது. பயிற்சிக் கட்டணம், கவசம், வண்டி வாடகை என்று கூட்டிப் பார்த்தால் நம் ஊரில் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு அது எட்டாக் கனி. மேடு இலவசம். அவர்கள் மேட்டுக்குப் போவதற்கு இதுதான் காரணமே தவிர, கெட்ட புத்தி அல்ல.

ஜீப்பு சேற்றில் சிக்கினால்

ஜீப் விஷயத்திலும் விவரம் தெரிந்தவர்கள் செய்வது வேறு, தெரியாதவர்கள் செய்வது வேறு. மணலில் இறங்குமுன் டயரில் காற்றைக் குறைத்துவிட வேண்டும். சாலையில் 30 பவுண்டு அழுத்தம் இருக்கும் டயரை மணலுக்கு 15, 18 வரை இறக்குவார்கள். டயர் சப்பையாகி அகலமாக மண்ணைப் பிடிக்கும். சிக்கிய வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். உடனே நிறுத்தி, இறங்கி, மண்வெட்டியை எடுப்பதே புத்திசாலித்தனம்.

இறக்கத்தில் குறைந்த கியரில் போட்டு, கிளட்சைத் தொடாமல், என்ஜினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விட வேண்டும். சரிவில் வண்டியைக் குறுக்கே திருப்பவே கூடாது, உருண்டுவிடும். ஏற முடியாமல் பாதியில் நின்றால், ரிவர்ஸ் கியரில் வந்த வழியே நேராகப் பின்னால் இறங்க வேண்டும். இழுவைப் பட்டையைக் கட்டி இன்னொரு வண்டியால் இழுக்கும்போது அந்தப் பட்டையின் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. பட்டையோ கொக்கியோ அறுந்து தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். வேடிக்கை பார்க்கும் நம் பிள்ளைகள் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான்.

மேடு வந்த கதை

இனி மேட்டுக்கு வருவோம். வெளியூர்க்காரர்கள் அதை மலை என்கிறார்கள். கடவுள் படைத்த மலை அல்ல அது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து சுரங்கம் நடத்தத் தொடங்கியது முதல், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த நம் பாட்டன்மார் பூமிக்கடியில் வெட்டி எடுத்த பாறையின் மிச்சம் அது. சாம்பியன் ரீப் சுரங்கம் 10 ஆயிரம் அடிக்கும் கீழே போயிற்று. அங்கே பாறையே கொதிக்கும். அந்தச் சூட்டில் வெட்டிய கல்லை மேலே கொண்டுவந்து மில்லில் போட்டு மாவாக அரைத்தார்கள். ஒரு டன் கல்லில் சில கிராம் தங்கம்தான். அதைப் பிரிக்க மாவைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தார்கள். ஸ்காட்லாந்தில் 1887-ல் கண்டுபிடித்த முறை இது. அதன்பின் சில வருடங்களிலேயே தங்கவயலுக்கு வந்துவிட்டது. தங்கம் கரைசலோடு போனபின் மிஞ்சிய மாவைக் கொட்டிய இடமே மேடு.

இப்படி 13 மேடுகள். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவிக் கிடக்கின்றன. அவற்றில் உள்ள மண் 3 கோடியே 30 லட்சம் டன் என்பது அரசாங்கத்தின் கணக்கு. நூற்றிருபது வருடங்களில் இந்த ஊர் கொடுத்த தங்கமோ சுமார் 800 டன். தங்கம் போன இடம் தெரியாது. மாவு மட்டும் நம் தெருக்கோடியில் நிற்கிறது.

சயனைடு என்ற பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு. வெயிலிலும் காற்றிலும் பட்ட சயனைடு நாளாவட்டத்தில் சிதைந்துவிடக் கூடியதுதான். அதற்காக மேட்டடியில் தேங்கும் தண்ணீரைத் தொட்டு வாய் கழுவுவதோ, அங்கே அடுப்பு மூட்டிச் சமைப்பதோ கூடாது. பாறையில் இருந்த உலோகங்களும் சேர்த்த ரசாயனங்களின் மிச்சமும் மண்ணில் இருக்கவே செய்யும்.

அதைவிடப் பெரிய ஆபத்து மாவு அரைபட்ட விதத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு பொடியான கல் தூசி மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் அங்கேயே தங்கிவிடும். நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறிக் கல்லாகும். சிலிகோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்து கிடையாது. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகக் கண்டறிந்து எழுதப்பட்டதே 1934-ல் நம் தங்கவயலில்தான். 1940-ல் மைசூர் அரசாங்கம் இதற்கென்று தனி விதிகளே கொண்டுவந்தது. வாசகர்களில் பலருக்கு இந்த விவரம் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. திண்ணையில் இரவெல்லாம் உட்கார்ந்தபடியே இருமி விடியவைத்த தாத்தாவை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

மேடு சும்மா கிடந்தால் மழையில் நனைந்து மேலே ஓர் ஏடு கட்டிக்கொள்ளும். ஆங்காங்கே புல்லும் முள்செடியும் பிடிக்கும். காற்றடித்தாலும் புழுதி குறைவாகத்தான் எழும்பும். ஜீப் டயர் அந்த ஏட்டைத்தான் உடைக்கிறது. ஞாயிறன்று உடைத்த இடத்திலிருந்து திங்கள் முதல் சனி வரை புழுதி பறக்கிறது. ஆடிக் காற்றில் இது எப்படி இருக்கும் என்று மேட்டடி லைன்களில் குடியிருப்பவர்களைக் கேட்க வேண்டும். சோற்றுத் தட்டில் நரநரவென்று மண். கொடியில் காயும் துணியில் மண். பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பிள்ளைகள் விரலால் பெயர் எழுதுகிறார்கள்.

ஓட்டுகிறவர்களுக்கும் மேடு நம்பத் தகுந்த இடமல்ல. மழை அரித்த பிளவுகள் ஆளுயரத்துக்கு மேல் ஆழம் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும் இடத்துக்கு அடியில் களிபோல் ஈர மண் இருக்கும். விளிம்பு திடீரென்று சரியும். சுற்று வட்டாரத்தில் கைவிட்ட குழிகள் வேறு. பம்புகளை நிறுத்தியபின் சுரங்கத்தில் தண்ணீர் ஏறி நிற்கிறது. ராத்திரியில் இங்கே கூடாரம் அடிப்பது வீரமல்ல.

சினிமா போட்ட பாதை

இந்த மேடுகளை நாடறியச் செய்தது சினிமா. 2018 டிசம்பரில் வெளிவந்த ‘கே.ஜி.எப்.’ என்ற கன்னடப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த இடம் எங்கே என்று தேடிக்கொண்டு வட இந்தியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அதன் இரண்டாம் பாகம் எடுத்தபோது, மேட்டில் சுற்றுச்சூழல் கெடுகிறது என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2019 ஆகஸ்டில் உள்ளூர் நீதிமன்றம் படப்பிடிப்பை நிறுத்தி வைத்தது. பிறகு படப்பிடிப்பு தொடர்ந்து நடந்தது என்றாலும், மேட்டின் மேல் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போன விஷயம் என்பதை மறக்கக் கூடாது. சினிமா கம்பெனியாவது வழக்குக்குப் பதில் சொல்ல ஆள் உள்ள கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு எண் பலகைதான் உண்டு.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்?

சுரங்கம் மூடிய ஊர் உலகத்தில் நம் ஊர் ஒன்றுதானா? அமெரிக்காவில் மேற்கு விர்ஜினியா மாநிலம் நிலக்கரிக்குப் பெயர் போனது. அங்கே சுரங்க வேலை சுருங்கியபோது, மலைக்காடுகளில் பழைய சுரங்கப் பாதைகளையும் மரம் இழுத்த பாதைகளையும் இணைத்து 2000-ம் ஆண்டில் ‘ஹாட்பீல்டு-மெக்காய்’ என்ற வண்டிப் பாதையைத் திறந்தார்கள். இன்று அது ஆயிரம் மைலுக்கு மேல் நீண்டிருக்கிறது. நிலம் பெரும்பாலும் நிலக்கரிக் கம்பெனிகளுக்கும் நிலக் கம்பெனிகளுக்கும் சொந்தம். பாதையை நடத்துவதோ மாநிலச் சட்டசபை அமைத்த ஒரு வாரியம். அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. உள் மாநிலத்தாருக்குச் சீட்டு விலை குறைவு, வெளியாருக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. தலைக்கவசம் கட்டாயம். பாதையை விட்டு விலகினால் அபராதம். வருகிறவர்கள் தங்கச் சிற்றூர்களில் கூடாரத் திடல்களும் விடுதிகளும் வந்தன. சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் சிலர் பாதைக் காவலர்களாகவும் மெக்கானிக்குகளாகவும் அங்கேயே வேலை பார்க்கிறார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் நார்தம்பர்லாந்து என்ற கவுண்டி 2014-ல் இதையே செய்தது. கைவிட்ட நிலக்கரிச் சுரங்க நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர், குப்பை கொட்டவும் திருட்டுத்தனமாக வண்டி ஓட்டவும்தான் பயன்பட்டு வந்தது. உள்ளூர் நிர்வாகமே அதை எடுத்து, வாசல் வைத்து, கட்டணம் வாங்கி, கூடாரம் போட இடம் ஒதுக்கி, ஆப்-ரோடு பூங்காவாக்கியது.

ஆனால் நிலக்கரி நிலம் வேறு, தங்க மேடு வேறு. நமக்கு நெருங்கிய உதாரணம் தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கேயும் இதே சயனைடு மேடுகள், இதே புழுதி, அடிவாரத்தில் இதே ஏழைக் குடியிருப்புகள். ஒரு மேட்டின் உச்சியில் காரில் உட்கார்ந்தபடியே சினிமா பார்க்கும் ‘டாப் ஸ்டார்’ என்ற திறந்தவெளி அரங்கு பல வருடங்கள் நடந்தது. நகரத்து மக்கள் குடும்பத்தோடு போய் வந்தார்கள். 2000-க்குப் பிறகு தங்கத்தின் விலை ஏறியதும், மேட்டு மண்ணில் மிஞ்சியிருந்த துளித் தங்கத்துக்கே மதிப்பு வந்துவிட்டது. அரங்கை மூடினார்கள். மேட்டையே தண்ணீரால் கரைத்துக் குழாயில் அனுப்பி மறுபடி தங்கம் எடுத்தார்கள். அந்த மேடு இன்று இல்லை.

நம் மேடுகளுக்கும் அந்த நாள் நெருங்குகிறது. 13 மேடுகளையும் ஏலம் விட்டு மிச்சத் தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்டதற்கு, 2024 ஜூன் மாதம் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. மேட்டைத் தோண்ட வருகிறவர்கள் மண்ணை நனைக்காமல் தோண்டினால் என்ன ஆகும், எத்தனை பேருக்கு வேலை தருவார்கள், லைன் வீடுகளில் பட்டா இல்லாமல் குடியிருப்போர் கதி என்ன என்பதெல்லாம் பெரிய கேள்விகள். அவற்றோடு ஒப்பிட்டால் ஜீப் ஓட்டம் சிறிய விஷயம்தான். ஆனாலும் ஏலம் முடியும்வரை மேடு யாருக்கும் பொறுப்பில்லாத இடமாகக் கிடக்க வேண்டும் என்பதில்லை. மேட்டுக்கு ஏறும் வண்டித் தடங்கள் எண்ணிக்கையில் அதிகமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் வெட்டி ஒரு பலகை வைத்தால் ஜீப் நின்றுவிடும். மேட்டுக்குப் பதிலாக, புழுதியில்லாத செம்மண் நிலத்தில் நம் பையன்களுக்கு ஒரு சிறு பாதை அமைத்துக் கொடுப்பதும் நடக்காத காரியமல்ல. கரடுமுரடான தரிசு இந்த வட்டாரத்தில் நிறையவே இருக்கிறது. மெக்கானிக்குக்கோ பஞ்சமேயில்லை.

காட்டில் தங்கப் போகிறவர்களுக்கு

வண்டியோடு காட்டுப் பக்கம் போய்க் கூடாரம் போட விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காமசமுத்திரம், பிசாநத்தம் பக்கத்துக் காடுகள் பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் அவை யானைகள் நடமாடும் வழி. 1980-களில் ஓசூர்க் காடுகளிலிருந்து ஆந்திரத்துக்குள் போய்க் குடியேறிய யானைகளுக்காக 1990-ல் பலமனேர் பக்கம் கவுண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. அந்த யானைகளுக்கு மாநில எல்லை தெரியாது. கேழ்வரகு முற்றும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் எல்லையோரக் கிராமங்களில் இரவு காவல் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் காட்டோரம் விளக்குப் போட்டு, பாட்டு வைத்து, கோழி வறுத்துக்கொண்டிருப்பது தனக்கு மட்டுமல்ல, யானையை மிரள வைத்து ஊருக்குள் துரத்துவதால் கிராமத்தாருக்கும் ஆபத்து. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி வண்டியோடு நுழைவது குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

முகாம் போடத் தகுந்த இடம் என்றால் அதற்கென்று உள்ள பூங்காவோ, அனுமதி பெற்ற இடமோதான். கூடாரத்தைக் காய்ந்த ஓடையில் அடிக்கக் கூடாது. எங்கோ பெய்த மழை நடுராத்திரியில் இறங்கி வரும். பாறை இடுக்கை ஒட்டியும் வேண்டாம். பாம்பு, தேள் அங்கேதான் இருக்கும். காலையில் ஷூவை உதறிவிட்டுத்தான் போட வேண்டும். ஆளுக்குக் குறைந்தது நாலு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். கோலார் மாவட்டத்தில் தண்ணீர் வழியில் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவர் இந்த மாவட்டத்தை அறியாதவர். ஓர் எச்சரிக்கை: பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் வண்டி சேதமானால் சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில் பணம் வராது. 18 வயது ஆகாத பையன் பைக்கோடு சாலையில் பிடிபட்டால், 2019-ல் திருத்திய சட்டப்படி தகப்பனாருக்கு 25 ஆயிரம் ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும் விதிக்க இடமிருக்கிறது.

வண்டி இல்லாத குடும்பங்கள் ஏங்க வேண்டியதில்லை. கோலார் ஊரை ஒட்டியே அந்தரகங்கை மலை இருக்கிறது. கல் நந்தியின் வாயிலிருந்து விழும் ஊற்றும், காசி விசுவேசுவரர் கோயிலும், அதற்கு மேலே பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து உண்டான குகைகளும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். படி ஏறி இறங்கக் கால் பலம் இருந்தால் போதும். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டம் தெரியும்படி வைத்திருக்க வேண்டாம்.

மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறுகிறவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும். 1894 முதல் நம்மைச் சுமக்கும் கிளைப் பாதை இது. முன்பு பங்காருப்பேட்டையிலிருந்து கோலாருக்குச் சின்ன ரெயில் ஊர்ந்து போகும். இப்போது அது அகலப் பாதை. பஸ்சும் உண்டு. திரும்பும்போது பங்காருப்பேட்டையில் பானிபூரி சாப்பிடலாம். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கிறதே, காரம் இருக்காது என்று நம்பி ஒரே மடக்கில் குடித்துவிட வேண்டாம். மாரிக்குப்பத்துக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில வண்டிகள் ஓடுவதில்லை.